யாரும் கத்தவில்லை

இதுவரை யாரும் கத்தவில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குள் நுழைந்து, தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்த மெஷினை நிறுத்தியதிலிருந்து சுகிர்தா காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுக்கிற நேரமும் வந்தாயிற்று. ஒரு மெயில் இல்லை, ஒரு போன் இல்லை, குழுவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. யாரும் கத்தவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் முறை. முறைக்கு ஒரு பெயரே உண்டு, கத்தல் டெஸ்ட். மேகத்தில், கிளவுட் என்பார்களே அதில், ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, யார் போட்டது, எதற்குப் போட்டது, கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அப்போது என்ன செய்வது? நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. ஐயோ என் வேலை நின்றுபோச்சே என்று எவனாவது கத்தினால் திரும்ப ஓட்டிவிடலாம். கத்தாவிட்டால் அழித்துவிடலாம். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்துக் கண்டுபிடித்த வழி இது. புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குளித்துக்கொண்டிருப்பவர் கத்தினால் அது குளியலறை விளக்கு, அவ்வளவுதான். ஆனால் குளிப்பவர் ஊமையாக இருந்தால்? இருட்டில் சோப்பு நுரையோடு கையைத் துழாவிக்கொண்டு, கத்த வாய் வராமல், எப்போதாவது விளக்கு வரும் என்று நின்றுகொண்டே இருந்தால்? சுகிர்தா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏசி நேராகப் பிடரியில் அடித்தது. இந்த நினைப்பு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அடுக்களையில் போய் முடியும். அதற்குள் அதைத் திருப்பிவிட வேண்டும்.

மெஷினின் பெயர் சும்மா. திரையில் ஆங்கில எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி, நிறுத்தின பிறகு சிவப்பாகியிருக்கிறது. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, அழித்தால் சாம்பல். இந்தக் கம்பெனியில் சும்மாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவசரத்துக்கு ஒரு மெஷினைக் கிளப்பும்போது பெயர் என்ன என்று அது கேட்கும், பெற்ற பிள்ளைக்கா பெயர் வைக்கிறோம், சும்மா என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று. நாளை என்பது இங்கே வந்ததே இல்லை. சும்மா-டெஸ்ட், சும்மா-புதுசு, சும்மா-தொடாதே, சும்மா-கடைசி, அந்தக் கடைசிக்கும் பிறகு ஒரு சும்மா-கடைசி-நிஜமா. வெளிநாட்டு வாடிக்கையாளர் பக்கமிருந்து தணிக்கைக்கு வந்த ஒரு அம்மாள், இந்த சும்மா என்பது என்ன மென்பொருள், ஒப்பந்தத்தில் இல்லையே என்று புருவத்தைச் சுளித்தாள். எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். அப்போது குழுவில் இருந்த தில்லைநாயகம் சார்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேடம், காரணம் கேட்காதீர்கள் என்பதைத் தமிழில் சுருக்கமாக அப்படிச் சொல்வோம் என்று இங்கிலீஷில் விளக்கினார். அந்த அம்மாள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சுகிர்தாவுக்கு வயிறு வலித்தது. அந்தப் பெயர் வைக்கிற பழக்கத்தை ஆரம்பித்ததே அவர்தான் என்று சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வால் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு மட்டும் வால் இல்லை. வெறும் சும்மா. எல்லாவற்றுக்கும் மூத்தது.

மூத்தது என்றால் அவர் போட்டதாகத்தான் இருக்கும், ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது. காலையிலிருந்து இந்த ஒரு வரி மண்டையில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து, அவர் பெயர் வரைக்கும் போய், கீழே வைத்துவிடுகிறாள். போன கோடையில் ஆட்குறைப்பு வந்தபோது அவர் பெயர் அதில் இருந்தது. குழுவிலேயே வயதில் மூத்தவர், சிதம்பரத்துப் பக்கம், இரண்டடுக்கு கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து மேலடுக்குக் கறியை எல்லாருக்கும் நீட்டுகிறவர். மெயில் வருவதற்கு முன்னாலேயே கதவைத் திறக்கிற அட்டை செத்துவிட்டது. அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அட்டையைத் தேய்த்தார், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். கேரியர் இடது கையில். உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாரும் திரையில் எதையோ தீவிரமாகத் தேடினார்கள், சுகிர்தாவும்தான். செக்யூரிட்டி வந்து மெதுவாக ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். யாரும் கத்தவில்லை. அவரும் கத்தவில்லை. ஒரு வாரத்தில் அவர் நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்து சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை நின்றதா? நிற்கவில்லை. டெஸ்ட் பாஸ். அதற்குப் பிறகு கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தாள், என்ன பேசுவது என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடப் போட, கூப்பிடாததே ஒரு பெரிய காரணமாக வளர்ந்து நின்றுவிட்டது. இப்போது கூப்பிட்டால் காரியத்துக்குக் கூப்பிடுகிறாள் என்றுதானே ஆகும். ஆகட்டும், காரியம்தானே.

"என்ன சுகி, யாராச்சும் கத்தினாங்களா?" ரகோத்தமன் காபிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றான். அவளைவிட ஆறேழு வயது சின்னவன், அவளுக்கு மேலதிகாரி. கெட்டவன் இல்லை, மேலே இருப்பவர்கள் அவன் கழுத்தைப் பிடித்தால் அவன் மற்றவர்கள் தோளைத் தட்டுவான், அவ்வளவுதான். "இன்னும் இல்ல" என்றாள். "அப்புறம் என்ன? மேகத்துக்கு நாம கட்டற வாடகை எகிறிப்போச்சுன்னு மேல குதிக்கறாங்க. ஆறு மணிக்கு மேல அநாதை ஒண்ணுகூட அந்த அக்கவுண்ட்ல இருக்கக்கூடாது. போட்டுத் தள்ளிடுங்க." உரிமையாளர் பெயர் இல்லாத மெஷினை இங்கே அநாதை என்பார்கள். அழிப்பதைப் போட்டுத் தள்ளுவது என்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை, சுகிர்தாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "உள்ள என்ன இருக்குன்னே தெரியல ரகோ. சாவியும் யார்கிட்டயும் இல்ல. அதோட ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு அழிக்கலாமா?" "காப்பிக்கும் வாடகை உண்டே. தேவைன்னா இந்நேரம் கத்தியிருப்பாங்க. விடுங்க." அவன் கோப்பையை ஊதிக்கொண்டே நகர்ந்தான். கத்தியிருப்பாங்க. எல்லாருக்கும் கத்த வரும் என்று எவ்வளவு நிச்சயம் இவர்களுக்கு.

நிறுத்துவதற்கு முந்தின நாளே அவள் அதன் வரைபடத்தைப் பார்த்திருந்தாள், மெஷினுக்குள் வந்துபோகிற சமாசாரத்தைக் கோடாகப் போட்டுக்காட்டும் படம். அதைப் பார்த்திருக்கவே கூடாது. நாள் முழுக்கக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது, காலையில் மட்டும் ஒரே ஒரு சின்ன மேடு. மறுநாள் காலை மறுபடி ஒரு மேடு. மாசக்கணக்கில் இப்படியே. யாரோ ஒருவர் தினமும் காலையில் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். ஏதாவது புரோகிராமாக இருக்கும், இணையத்தில் கண்ட கண்ட புரோகிராமும் தெருநாய் மாதிரி வீட்டுக்கு வீடு மோந்துகொண்டு போகும், அதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேடு நேரம் தள்ளி விழுகிறது. ஞாயிறென்று புரோகிராம் எங்காவது தாமதமாக எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. மனுஷன்தான். எங்கோ ஒரு மனுஷன், அல்லது மனுஷி, பல் தேய்த்து, காபி குடித்து, இந்த மெஷினை வந்து பார்த்துவிட்டுத்தான் நாளை ஆரம்பிக்கிறார். இன்றைக்கும் வந்திருப்பார். கதவு சாத்தியிருந்திருக்கும். இன்னும் ஒரு தரம் தட்டியிருப்பார். அப்புறம்? கத்தவில்லையே, ஏன் கத்தவில்லை?

மேகத்துல வேலைன்னா மழை வந்தா லீவு உண்டாடி என்று அம்மா கேட்பாள். மேடவாக்கத்து ஃப்ளாட்டில் அவளும் அம்மாவும்தான். மேகமாவது மழையாவது, அது மும்பையில் எவனோ கட்டி வைத்திருக்கிற பெரிய கொட்டகை, அதில் அடுக்கின மெஷின்களை நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம் என்று இவள் விளக்குவாள். அப்ப உன்னோடது ஒண்ணுமே இல்லியா என்று அம்மா அடுத்த கேள்வி போடுவாள். ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம், மாடி ஃப்ளாட்டில் கல் பதிக்கிறேன் என்று மிஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்த ஹெட்போனை வாங்கினாள், வெளிச் சத்தத்தை ஒட்டுமொத்தமாக முழுங்கிவிடும் ஜாதி. போட்டுக்கொண்டால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு அமைதி. இதோ வந்துவிட்டது, எங்கே திருப்பினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது, அடுக்களையில். அன்றைக்கு மீட்டிங் நீண்டுகொண்டே போயிற்று. முதலில் வந்தது வாசனைதான், பருப்பு தீய்கிற வாசனை. அம்மா, குக்கரைப் பாரும்மா என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள், அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. அப்புறம்தான் ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றியதும் விசில் சத்தம் ஒன்றும் இல்லை, தண்ணீர் வற்றிப்போன குக்கர் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மா அடுப்புக்குக் கீழே, கரண்டி கையிலேயே இருக்க, சாய்ந்து கிடந்தாள். ஒரு நொடிதான்மா, கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ. எதிர் ஃப்ளாட் ஃபாத்திமா ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "சத்தமே கேக்கலையேம்மா, கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" சத்தமே கேட்கவில்லை. அதனால் சத்தமே இல்லை என்று ஆகிவிடுமா? சுகி என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்? இரண்டு தடவை? கூப்பிட்டுவிட்டு, வேலையா இருக்கா, வருவா என்று காத்திருந்தால்? அந்த மீட்டிங்கின் பதிவு மேகத்தில் இருந்தது. அவள் மைக் திறந்துதான் இருந்தது. போட்டுக் கேட்டால் ஒருவேளை தெரிந்திருக்கும். அவள் போடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்தாள், பழைய பதிவுகளைத் தானாகவே அழிக்கிற விதி ஒருநாள் வந்து அதையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த விதியை எழுதியதும் அவள்தான், அதற்காக ரகோத்தமன் குழுவில் பாராட்டிப் பூங்கொத்துப் படம் போட்டான். ஹெட்போன் பரணில் கிடக்கிறது. இப்போதெல்லாம் எவ்வளவு சத்தமிருந்தாலும் அவள் காதைத் திறந்துதான் வைத்திருக்கிறாள், சத்தத்துக்கு நடுவில் சன்னமாக, சுகி என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

போதும் என்று எழுந்தாள். மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் வழியே ராஜீவ் காந்தி சாலையின் ஹார்ன் சத்தம் மொத்தமும் மேலே ஏறிவருகிற இடத்தில் நின்று, யோசிக்க இடம் கொடுக்காமல் தில்லைநாயகம் சாருக்குப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி. "ஆபீஸ்லருந்து சுகிர்தா பேசறேங்க, சார் இருக்காரா?" என்றதும் அந்தக் குரல் ஏறின ஏற்றம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் இவளுக்குப் போனை வைத்துவிடலாம் போல இருந்தது. "ஆபீஸ்லருந்தா? இதோ, இதோ குடுக்கறேம்மா. ஏங்க, ஆபீஸ்லருந்துங்க!" திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாளா? "தூங்கறாரா? தொந்தரவு பண்றனா?" என்றாள் சுகிர்தா, எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "தூக்கம் என்னம்மா தூக்கம். சும்மாதான் இருக்காரு." அப்புறம் தில்லைநாயகத்தின் தொண்டைக் கனைப்பு, அதே கனைப்பு. "சொல்லும்மா. நல்லாருக்கியா? சாப்டியா?" நாலு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று எண்ணியிருந்தாள், அவர் முந்திக்கொண்டதில் எல்லாம் குழம்பிப்போய், "சார், சும்மான்னு ஒரு மெஷின். வால் கீல் இல்லாம வெறும் சும்மா. நீங்க போட்டதா?" என்று போட்டு உடைத்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி கடக் கடக் என்று சுற்றுவது கேட்டது. "நிறுத்தியாச்சா?" "காலையிலயே நிறுத்திட்டேன் சார். கத்தல் டெஸ்ட்." "யாராவது கத்தினாங்களா?" "இல்ல சார்." "அப்புறம் என்னம்மா, எடுத்துடு." "உள்ள ஏதாவது முக்கியமா..." "ஒண்ணும் இல்ல. சும்மா போட்டதுதான்." "தெனம் காலையில யாரோ வந்து பாத்துட்டுப் போறாங்க சார்." "நெட்ல ஆயிரம் பேர் சுத்துவாங்க, அதையெல்லாம் கணக்குல எடுத்துப்பியா நீ?" "நிஜமா எடுத்துடவா சார்?" அவர் சிரித்தார். "சும்மா-கடைசி-நிஜமா. போதுமா? போ, வேலையப் பாரு." ஞாயிற்றுக்கிழமை லேட்டா வர்றாங்க சார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார்.

படியேறி வரும்போது உடம்பு லேசாகத்தான் இருந்தது. போட்டவரே எடு என்று சொல்லிவிட்டார், இனி யாரைக் கேட்க வேண்டும்? உட்கார்ந்தாள், சிவப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தாள், அழி என்றாள். திரும்பக் கொண்டுவர முடியாது, உறுதியாகவா என்று அது கேட்டது. இப்படி ஒரு கேள்வியை யாராவது எதற்கும் நம்மிடம் கேட்கிறார்களா, இது மட்டும்தான் மரியாதையாகக் கேட்கிறது என்று ஒரு அசட்டு நினைப்பு வந்தது. உறுதி என்றாள். புள்ளி சாம்பலாயிற்று. ஆனால் பெயர் போகவில்லை. இதில் அது ஒன்று உண்டு, அழித்த மெஷினின் பெயர் உடனே பட்டியலை விட்டுப் போகாது, கொஞ்ச நேரம் சாம்பல் புள்ளியோடு அங்கேயே நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, வட்டும் போய், முகவரியும் போய், வெறும் பெயர். அப்புறம் பக்கம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏதோ ஒரு தடவையில் சத்தமில்லாமல் காணாமல் போகும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைப் பார்த்து, அழியவில்லையே என்று பதறுவார்கள். காரியம் முடிகிற வரைக்கும் வீட்டிலேயே சுற்றும், பேசாம இருங்கப்பா என்று தில்லைநாயகம் அவர்களைக் கேலி பண்ணுவார்.

போன் அதிர்ந்தது. அவர்தான். "சுகிர்தா, வேலையா இருக்கியாம்மா?" "இல்ல சார், சொல்லுங்க." "ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்டேன்." மின்விசிறிச் சத்தம் இல்லை, வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ வந்து நின்றுகொண்டு பேசுகிறார், மனைவிக்குக் கேட்காமல். "காலையில அது தொறக்கல. வீட்லதான் நெட்டு போச்சுன்னு நெனச்சேன். ரவுட்டர அணைச்சு அணைச்சுப் போட்டேன், பத்துத் தடவயாவது இருக்கும். கேபிள்காரனக்கூடத் திட்டிட்டேன், பாவம்." சுகிர்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அதுல ஒண்ணும் இல்லம்மா, நெஜமா ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வெத்துப் பக்கம். தொறந்தா, ஓடுதுன்னு ஒரு வார்த்த வரும். வேலைக்குச் சேந்த புதுசுல, மேகம்னா என்னன்னு பாக்க நான் மொதமொதல்ல போட்டது. ஆபீஸ் அட்டை, மெயிலு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, இத மறந்துட்டாங்க. காலையில எந்திரிச்சு அதத் தொறந்து பாப்பேன். ஓடுதுன்னு வரும். சரின்னு மூடிட்டு, அப்புறம் பேப்பர் படிப்பேன். அவ்ளோதான்." ஒரு லாரி அவர் பக்கத்துத் தெருவில் போயிற்று, போய் முடிகிற வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். "யாருக்கும் எடஞ்சல் இல்லன்னா... இருக்கட்டுமேம்மா. சும்மா இருந்துட்டுப் போகட்டுமே."

இவ்வளவு மெதுவாகவா கத்துவார்கள் மனிதர்கள்! அம்மாவும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாள், தொந்தரவு பண்ணக்கூடாதென்று, வேலையா இருக்கியாடி என்று, இதே சுருதியில். எந்த ஹெட்போனும் இல்லாமலே கேட்காத சுருதி. சொல்லிவிடலாம். அழித்துவிட்டேன் சார், நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அழித்தேன், திரும்ப வராது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். "எடுத்துட்டியா?" என்றார் அவர். "இருக்கு சார்" என்றாள் சுகிர்தா. "கண்ணு முன்னாடிதான் இருக்கு. பேர் தெரியுது." பொய் இல்லை. சாம்பல் புள்ளிக்குப் பக்கத்தில் அது தெரியத்தான் செய்தது. "நல்லாரும்மா" என்றார் அவர். நாளைக் காலையில் அவர் திறந்து பார்ப்பார். மறுபடி ரவுட்டரை அணைத்துப் போடுவார். இன்றைக்கே புதிதாக ஒன்றைக் கிளப்பி, அதற்கும் சும்மா என்று பெயர் வைத்து, ஓடுகிறது என்று ஒரு வார்த்தை எழுதிவிடலாம், ஆனால் அந்த முகவரி இனி கிடைக்காதே. வாடகை வீட்டு முகவரி, இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும், அதுவும் அவள் கையால்தான். பக்கம் புதுப்பித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தாள். மவுஸைத் தொடவில்லை. கண்ணைச் சிமிட்டக்கூடப் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் போகாது என்று ஏனோ தோன்றியது.

"கிளம்பலியா சுகி?" ரகோத்தமன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். "எல்லாம் முடிஞ்சுதா? யாரும் கத்தலைல்ல?"

"கத்திட்டாங்க" என்றாள்.

"எப்ப? நான் இங்கதானே இருந்தேன். சத்தமே கேக்கலையே?"

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரைக்குத் திரும்பியபோது, சும்மா இருந்த இடத்தில் அதற்குக் கீழே இருந்த பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது.